சொல்லோடு ஒரு வாக்கியம்

பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்ற வகைப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே தமிழ்ப் பொருள். அதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். வாய் திறந்து பேசும்போதுதான் வம்பு.

'பாரோ', 'லெண்ட்' என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். பாரோ என்றால் இரவல் வாங்குவது. லெண்ட் என்றால் இரவல் கொடுப்பது. பொருள் தெரிந்தவர்களே, பேனா கேட்கும்போது 'கேன் யூ பாரோ மீ யுவர் பென்?' என்று தடுமாறுவார்கள். 'மே ஐ பாரோ யுவர் பென்?' என்று கேட்க வேண்டும். வாங்கப்போவது நான், அதனால் 'ஐ'. இல்லாவிட்டால், 'கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?' கொடுக்கப்போவது நீங்கள், அதனால் 'யூ'. இந்த இரண்டையும் நாலு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள், குழப்பம் தீரும்.

'டிஸ்கஸ்' என்றால் கலந்து பேசுவது. 'அதைப் பற்றிப் பேசலாம்' என்றே பழகிய நாக்கு, பின்னால் ஓர் 'அபௌட்' சேர்த்துவிடும். அது வேண்டாம். 'லெட் அஸ் டிஸ்கஸ் த ப்ராப்ளம்' போதும். பெரிய பதவியில் இருப்பவர்களும் இதில் வழுக்குகிறார்கள்!

இந்தத் தடுமாற்றத்துக்கு உதவும் அகராதியும் உண்டு. ஆங்கிலம் படிக்கும் வெளிநாட்டவருக்கென்றே ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய நண்பர்களும் தொகுத்த அகராதி 1942இல் ஜப்பானில் வெளிவந்தது. ஒரு சொல்லை எந்த அமைப்பில் வைத்துப் பேசுவது என்று வாக்கியங்களோடு காட்டியது அது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை வெளியிட்டது, இன்றைக்கும் அச்சாகிறது. சரி, எத்தனை சொல் தெரிந்தால் போதும்? ஒரு காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், அடிக்கடி புழங்கும் சுமார் 2,000 சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். அன்றாடப் பேச்சுக்கு அந்த அளவே தாராளம். பகட்டான சொற்களைத் தேடி அலைவது வீண் வேலை என்பேன்.

ஒரு நோட்டு வாங்குங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீடு, கடை, வேலை சம்பந்தமாக ஒரு வாக்கியம் எழுதி, உரக்கப் படியுங்கள். மறுநாள் பொருளை மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அகராதி வாங்கும்போது, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றனவா என்று நாலு பக்கம் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.