கார்னிவலுக்குப் போய்வரும் செலவு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பண விஷயமா ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மூத்த குடிமக்கள் டெபாசிட், நாமினேஷன் என்று நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது, பள்ளிக்கூடங்கள் நிதி திரட்டுவதற்காக நடத்தும் விழாக்கள். கார்னிவல், உணவுத் திருவிழா, கலைவிழா, பரிசுக் குலுக்கல், எந்தப் பெயரானாலும் சரி. இந்த விழாக்களால் பள்ளிக்கு எவ்வளவு வருகிறது என்று எல்லோரும் பேசுகிறோம். அங்கே போய்வர ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டிப் பார்ப்பதுதான் முப்பது வருஷத்துக்கு மேல் என் தொழில்.

ஒரு சாதாரணக் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நுழைவுச் சீட்டு தலைக்கு 50 என்றால் 200. ஆட்டோ போக வர 300. விளையாட்டு ஸ்டால் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் டோக்கன். வளையம் எறிவது, பலூன் சுடுவது என்று ஒரு பிள்ளைக்குப் பத்து டோக்கன் வைத்தால் இரண்டு பேருக்கு 400. பஜ்ஜி, பானிபூரி, ஐஸ்கிரீம் என்று நாலு பேருக்கு 500. சின்னவள் மேடையில் ஆடுகிறாள், அதற்கு வாடகைக்கு எடுத்த உடையும் மேக்கப்பும் 800. அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறார், அல்லது அப்பா கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார். அந்தச் சனிக்கிழமை வேலை போனதில் 500. மொத்தம் 2,700 ரூபாய். இது நானாகப் போட்ட கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். போட்டுப் பாருங்கள்.

இதில் பள்ளியின் கைக்குப் போவது எது? ஆட்டோ பணம் ஆட்டோக்காரருக்கு. உடை வாடகை கடைக்காரருக்கு. சாப்பாட்டு ஸ்டால் வெளியாள் போட்டது. பள்ளிக்கு ஸ்டால் வாடகை மட்டும். வேலை போன 500 யாருக்குமே போகவில்லை, காற்றோடு போயிற்று. மிச்சம் நுழைவுச் சீட்டும் டோக்கனும், 600 ரூபாய். அதிலும் பந்தல், சவுண்ட் சர்வீஸ், ஜெனரேட்டர், பரிசுப் பொருள் எல்லாம் கழித்தால் 400 தேறும். நான் தாராளமாகவே சொல்கிறேன். அதாவது ஒரு குடும்பம் 2,700 ரூபாய் செலவு செய்து பள்ளிக்கு 400 ரூபாய் கொடுக்கிறது. நூற்றுக்குப் பதினைந்து. டி.டி. எடுக்க நாங்கள் கமிஷன் பிடித்தபோது கவுண்டரில் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நூற்றுக்கு 85 கமிஷன் பிடிக்கிற இந்த முறையை மட்டும் நாம் சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு, செல்ஃபியும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

"அப்படியானால் பிள்ளைகளின் சந்தோஷத்துக்கு விலை இல்லையா?" என்று மூன்றாவது மாடியில் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பேத்தி மேடையில் ஆடுவதைப் பார்க்க நானும் முன்வரிசையில் இடம் பிடித்தவன்தான். விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விழா என்றால் விழாவாக இருக்கட்டும், வசூல் என்றால் வசூலாக இருக்கட்டும் என்கிறேன். இரண்டையும் ஒரே சீட்டில் கட்டினால், பணம் இல்லாதவனின் பிள்ளைக்கு வசூல் மட்டும் இல்லாமல் போவதில்லை, விழாவும் சேர்ந்தே இல்லாமல் போகிறது.

இதை வடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. 1867இல் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. இன்றைக்கும் தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து அரிசி மூட்டையும் காய்கறியும் வந்து இறங்குவதைப் பார்க்கிறோம். கொடுக்க முடிந்தவர் கொடுக்கிறார். சாப்பிட வருகிறவரிடம் யாரும் சீட்டு எங்கே என்று கேட்பதில்லை. கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே பந்தியில்தான் உட்காருகிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இந்த முறையில் ஒரு நிறுவனம் நடக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே.

பள்ளிக்கூடங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் மாநாடு. அப்புறம் மாநிலம் முழுக்க. அந்தந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டடம், நிலம். அதைப் பார்த்து ஊரில் வசதி உள்ளவர்கள் இது என்னுடையது, அது உன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கு என்ன தேவை என்பது ஊருக்குத் தெரியும், என்ன வந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியும். இன்றைய கார்னிவலில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். வசூல் எதற்கு என்று கேட்டால் "பள்ளி வளர்ச்சிக்கு" என்கிறார்கள். வளர்ச்சி என்றால் கழிப்பறையா, கம்ப்யூட்டரா, காம்பவுண்டு சுவரா? ஒரு மாதம் கழித்து வரவு செலவு எவ்வளவு என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியதை நான் பார்த்ததில்லை.

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் பணம் திரட்டுகிற விழாதான். ஆனால் அங்கே நோட்டு இருக்கிறது. யார் எவ்வளவு எழுதினார் என்று வரிக்கு வரி இருக்கும். எழுதியவருக்கு அது ஒரு நாள் திரும்பி வரும். பள்ளி வசூலில் திரும்பி வரப்போவதில்லை, அது சரி. நோட்டாவது இருக்கலாம் அல்லவா?

இனி கூப்பன் புத்தகம். இதுதான் நம் வளாகத்தையே தொடுகிற விஷயம். 50 ரூபாய் கூப்பன் இருபது, ஒரு புத்தகம் ஆயிரம் ரூபாய். பிள்ளையின் கையில் கொடுத்து, விற்றுப் பணத்தோடு வா என்று அனுப்புகிறார்கள். போன டிசம்பரில் ஒரே வாரத்தில் என் கதவை ஐந்து பிள்ளைகள் தட்டினார்கள். "தாத்தா, ஒண்ணு வாங்கிக்குங்க தாத்தா." எப்படி மறுப்பது? ஐந்து பேரிடமும் வாங்கினேன். பென்ஷன்காரன் எனக்கு 250 ரூபாய் பெரிதில்லை. எதிர் ஃப்ளாட்டில் மூன்று மாத வாடகை பாக்கியோடு இருப்பவர் கதவையும் அதே பிள்ளை தட்டுகிறது. அவர் இல்லை என்று சொல்வதும், பிள்ளை முகம் வாடுவதும், இரண்டுமே வேண்டாத வேலை.

இன்னொன்று சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், பெயர் சொல்ல மாட்டேன். நம் வளாகத்தில் மூன்று வீட்டுக்கு வேலைக்கு வரும் ஒரு பெண்ணின் மகன், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறான். அந்த ஒதுக்கீட்டில் நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு 16,700 ரூபாய்க்குள். நான் சொன்ன 2,700 அதில் ஆறில் ஒரு பங்கு. அந்தப் பையனுக்கும் ஆயிரம் ரூபாய் கூப்பன் புத்தகம் வந்தது. அவன் யாரிடம் விற்பான்? அவன் அம்மா வேலை செய்யும் மூன்று வீட்டில் மூன்று கூப்பன். மிச்சம் 850 ரூபாயை அந்த அம்மா சம்பள முன்பணமாக வாங்கிக் கட்டினார். "திருப்பிக் கொடுத்திருக்கலாமே" என்று கேட்டேன். "கிளாஸ்ல யாரெல்லாம் வித்தீங்கன்னு கை தூக்கச் சொல்றாங்களாம் சார்" என்றார். கார்னிவல் அன்றைக்குப் பையன் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்களாம். காய்ச்சல் இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குழந்தைகளின் வறுமை பற்றி வேலை செய்யும் ஓர் அமைப்பு பள்ளிப் பிள்ளைகளிடமே போய், பள்ளிக்கு வர உங்களுக்கு என்னென்ன செலவு என்று கேட்டது. அறிக்கை 2015இல் வந்தது. நிதி திரட்டும் நாள், சீருடை இல்லாமல் வரும் நாள் போன்ற குதூகலமான நாட்களில்தான் சில பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. பணக்கார நாடு அது. அங்கேயும் அதே காய்ச்சல்.

பள்ளிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. கட்டடம், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, வாட்ச்மேன் என்று மற்றதை நிர்வாகம் பார்த்தாக வேண்டும். தனியார் பள்ளிகளுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணத்தைக் குழு நிர்ணயிக்கிறது, அதற்கு மேல் வாங்கக் கூடாது. போதவில்லை என்பார்கள். சில பள்ளிகளுக்கு உண்மையிலேயே போதாது. ஆனால் கட்டணத்தில் கூட்ட முடியாததைக் கூப்பனில் கூட்டலாம் என்பது சரியான வழி இல்லை. கட்டணத்துக்குக் குழு இருக்கிறது, ரசீது இருக்கிறது, புகார் கொடுக்க இடம் இருக்கிறது. கூப்பனுக்கு "உங்கள் விருப்பம்தான்" என்ற ஒரு வார்த்தை மட்டும் இருக்கிறது. விருப்பம் என்றால் கை தூக்கச் சொல்வது எதற்கு?

வேலைக்குப் போகிற இளைய நண்பர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குப் பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்துக்கு வரிச்சலுகை உண்டு. வளர்ச்சி நிதி, நன்கொடை என்று கட்டியது அதில் சேராது. வரிச்சலுகைக்கான அங்கீகாரம் உள்ள டிரஸ்டாக இருந்தால் நன்கொடைக்குத் தனியாகக் கழிவு கேட்கலாம். அதற்கு முறையான ரசீது வேண்டும், ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. கார்னிவல் டோக்கனைக் கொண்டுபோய் ஆடிட்டரிடம் காட்டினால் சிரிப்பார்.

ஜூன் மாதம் வங்கியில் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஃபீஸ் கட்ட வளையலைக் கழற்றிக் கொடுக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். எடை போடும்போது தராசைப் பார்க்க மாட்டார்கள், வேறு பக்கம் பார்ப்பார்கள். அவர்கள் எல்லோரும் ஏழைகள் என்று நினைக்காதீர்கள். வெளியே பார்த்தால் நம்மைப் போலத்தான் இருப்பார்கள். அதே குடும்பத்துக்கு டிசம்பரில் கூப்பன், ஜனவரியில் கார்னிவல், பிப்ரவரியில் ஆண்டு விழா உடை. ஒவ்வொன்றும் சின்னத் தொகை என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சரி, நம் சங்கம் என்ன செய்யலாம்? பள்ளிகளோடு சண்டைக்குப் போக வேண்டாம். நம் பிள்ளைகள் படிப்பது ஏழெட்டுப் பள்ளிகளில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம். பெற்றோருக்கு நுழைவுச் சீட்டு வேண்டாம், பிள்ளை கையில் கூப்பன் கொடுக்க வேண்டாம், என்ன தேவை என்று பட்டியலைப் பெற்றோருக்கு அனுப்புங்கள், முடிந்தவர்கள் ரசீதோடு நேரடியாகக் கொடுக்கிறோம், மாதத்துக்குள் கணக்கை ஒட்டுங்கள். அவ்வளவுதான். 2,700 செலவழிக்கிற குடும்பம் வீட்டில் இருந்தபடியே 500 கொடுத்தால் பள்ளிக்கு நூறு ரூபாய் கூடுதல், குடும்பத்துக்கு 2,200 மிச்சம். இதை நிர்வாகத்திடம் எண்ணோடு சொன்னால் கேட்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அரசுப் பள்ளிக்குக் கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" திட்டம் இருக்கிறது. நம் பக்கத்துப் பள்ளியைக் குறிப்பிட்டே கொடுக்கலாம்.

வளாகத்துக்குள் வீடு வீடாகக் கூப்பன் விற்பதை நிறுத்தி, விருப்பமுள்ளவர்கள் நோட்டீஸ் போர்டில் எழுதிவைக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். தட்டுகிற பிள்ளையிடம் கோபப்பட வேண்டாம்; அது செய்த தப்பு எதுவும் இல்லை.

கடைசியாக உடை. ஒரு தடவை போட்ட பரத நாட்டிய உடை, பாரதியார் கோட்டு, தேவதைச் சிறகு, எல்லாம் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் கிடக்கிறது. சங்க அறையில் சும்மா நிற்கும் இரும்பு பீரோவை அதற்கு ஒதுக்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். துவைத்து, அளவு எழுதி ஒரு சீட்டு குத்திக் கொண்டுவந்து கொடுங்கள். யார் எடுத்தார்கள், யார் திருப்பினார்கள் என்று நோட்டு நான் போடுகிறேன். வளாகத்தில் வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். வாடகை கிடையாது. சிறகு கொஞ்சம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, இரண்டாவது மாடி அம்மா தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

கடிதத்தின் வரைவு இந்த மேஜையில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.