ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

(திருவண்ணாமலையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாணவர் புகைப்படம், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஏதாவது ஒன்றை நாம் இணையதளத்தில் பதிவேற்றிக்கொண்டே இருக்கிறோம். அந்த வேலையில் வரும் ஒரு சிறு சிக்கலைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். இரண்டு கோப்புகளுக்கு ஒரே பெயர் அமைந்துவிடுவதுதான் அது.

நம் ஊரில் இதற்கு வாய்ப்பு அதிகம். அண்ணாமலை, அருணாசலம், கார்த்திக், தீபா என்ற பெயர்கள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. என் வகுப்பில் இந்த ஆண்டு இரண்டு கார்த்திக். இருவருக்கும் தலைப்பெழுத்தும் ஒன்றே.

செல்பேசியும் இதற்கு உதவுவதில்லை. ஆண்ட்ராய்டு செல்பேசியில் வாட்ஸ்அப் படத்தின் பெயர் அன்றைய தேதியும் நான்கு இலக்க வரிசை எண்ணுமாக அமைகிறது. ஒரே நாளில் இரண்டு ஆசிரியர்கள் தம் செல்பேசியில் பெற்ற வெவ்வேறு படங்களுக்கு ஒரே பெயர் இருக்கலாம். கேமராவிலும் 9999க்குப் பிறகு எண் மீண்டும் 0001இல் தொடங்கும்.

அப்படிப்பட்ட இரண்டு கோப்புகளை ஏற்றினால் என்ன ஆகும்? தளத்துக்குத் தளம் மாறும். வேர்ட்பிரஸ் இரண்டாவது கோப்பின் பெயருடன் ஓர் எண்ணைச் சேர்த்து இரண்டையும் வைத்துக்கொள்ளும். கூகுள் டிரைவில் ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கலாம். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளக் குறியீடு உண்டு. ஆனால் பல தளங்கள் எழுதப்படும் பிஎச்பி மொழியில், பதிவேறிய கோப்பை அதன் இடத்துக்கு நகர்த்தும் கட்டளை, அங்கே அதே பெயரில் கோப்பு இருந்தால் பழையதை நீக்கிப் புதியதை வைத்துவிடும். தளத்தை உருவாக்கியவர் தனியாகச் சோதனை வைத்தால்தான் அது தடுக்கப்படும். இல்லாவிட்டால், திரையில் எந்த எச்சரிக்கையும் வராமலேயே முதல் கார்த்திக்கின் சான்றிதழ் போய்விடும்.

தளமே புதுப்பெயர் கொடுத்துச் சேமிப்பதும் உண்டு. அப்போதும், நம் கணினியிலுள்ள இரண்டு கார்த்திக் கோப்புகளில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இதன் விளைவைப் பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள். உதவித்தொகை விண்ணப்பத்தில் சான்றிதழ் மாறினால் விண்ணப்பம் திரும்பி வரும். மீண்டும் சான்றிதழ் தேவைப்பட்டால் அந்தப் பிள்ளையின் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்க வேண்டும்.

இதற்கான தீர்வு நம் அலமாரியிலேயே இருக்கிறது: சேர்க்கைப் பதிவேடு. அதில் ஒருவருக்குக் கொடுத்த எண்ணை அந்த மாணவர் பள்ளியை விட்டுப் போன பிறகும் இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. பெயர் ஒன்றாக இருக்கலாம், எண் ஒன்றாக இருக்காது. கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் உள்ளன. வெறும் 'லிங்கம்' என்றால் ஆட்டோக்காரருக்கு வழி தெரியாது. இந்திர லிங்கம் என்றால் கிழக்கு, வாயு லிங்கம் என்றால் வடமேற்கு என்று அவருக்குப் புரிந்துவிடும். கோப்பின் பெயரும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் பின்பற்றும் முறை இது. முதலில் சேர்க்கை எண், அடுத்து ஆவணத்தின் வகை, கடைசியில் தேதி. '4127-caste-20250610' என்பது போல. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் ஒரே மாணவரின் ஒரே வகை ஆவணங்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பல தளங்கள் தமிழ் எழுத்தையும் இடைவெளியையும் ஏற்பதில்லை. அதனால் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றால் மட்டும் அமைக்கிறேன். 'புதியது', 'இறுதி' என்ற சொற்களைச் சேர்ப்பதில்லை. நாளைக்கே அதைவிடப் புதியது ஒன்று வரும். ஆதார் எண்ணைக் கோப்பின் பெயரில் ஒருபோதும் எழுத வேண்டாம். கோப்பு கை மாறும் இடத்திலெல்லாம் அந்த எண்ணும் கூடவே போகும்.

பதிவேற்றியதும் கோப்பைத் திறந்து முகத்தையும் பெயரையும் ஒருமுறை பாருங்கள். திருத்திய படத்தை அதே பெயரில் ஏற்றினால் உலாவி தன் நினைவிலுள்ள பழைய படத்தையே காட்டக்கூடும். கண்ட்ரோல் விசையுடன் எஃப்5 அழுத்தினால் புதியது தெரியும். மூலக்கோப்பை வகுப்புவாரியாகத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால் பெற்றோரை மீண்டும் அலையவிட வேண்டியதில்லை.

அடுத்த பதிவேற்றத்துக்கு முன் உங்கள் பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் கூடி ஒரே பெயரிடும் முறையை முடிவு செய்து, கணினி அறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நாளை நமக்கு மாறுதல் வந்தாலும், நம் இடத்துக்கு வருபவர் யாரையும் கேட்காமலேயே சரியான பிள்ளையின் சரியான சான்றிதழை எடுக்க முடியும்.