பலர் கூடி ஆடும் விளையாட்டை நாமே எழுதுவோம்



1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவியபோது, பல பள்ளிகளின் வாயில் நம்மவர்க்கு அடைக்கப்பட்டிருந்தது. இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுகின்றனர். ஆட்டத்தின் விதியை எழுதுவோர் வேறு எவரோ! அதையும் நாம் கற்போம்.

ஆடுபுலி ஆட்டத்தில் தொடங்குவோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. இருவரும் முறைவைத்து ஆடுவதால் வேகம் வேண்டுவதில்லை. முதலில் ஒரே கணினியில் ஆடுமாறு எழுதுவோம். பின்னரே வலையில் இணைப்போம். அங்கு நடுவராகிய சர்வரே ஒவ்வொரு நகர்வையும் விதியோடு ஒப்பிட்டு ஏற்கவோ தள்ளவோ வேண்டும். ஆடுவோர் கைப்பேசி சொல்வதை அப்படியே நம்பினால் கள்ளாட்டக்காரனே வெல்வான்.

படங்கள் அழகாக அமையவில்லையே என அஞ்ச வேண்டாம். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'மட்' ஆட்டத்தில் சொற்கள் மட்டுமே இருந்தன. கோடோ என்னும் மென்பொருளும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இருவர் இருவராகச் சேருங்கள்: ஒருவர் எழுத, மற்றவர் அதை ஏமாற்றிப் பார்க்கட்டும்.