வாடியில் விட்டுச் சென்ற உயிர்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



ஒரு மாதத்துக்கு முன் சங்கச் செயலாளர் தம்பி என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, இம்முறை நீங்கள் கட்டாயம் பேச வேண்டும். ஜீவகாருண்யம் என்று தலைப்புப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். "அவ்வளவு பெரிய தலைப்பு வேண்டாம் தம்பி. நான் ஒரு நாயைப் பற்றித்தான் பேசப் போகிறேன்" என்றேன். தம்பி சிரித்துவிட்டார். விழா மேடையிலே நாய்க்கு என்ன வேலை என்று உங்களில் சிலருக்கும் தோன்றலாம். பேசி முடிந்த பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாரதக் கதை நமது மாவட்டத்துக்குப் புதியதன்று. உடப்பிலே திரௌபதையம்மன் ஆலயம் இருக்கிறது. ஆடி மாதத்திலே அங்கு தீமிதிப்பு நடைபெறுகிறது. தருமரை அறியாத பிள்ளை அந்த ஊரில் இருக்க முடியாது. அந்தப் பாரதத்தின் பதினேழாவது பருவத்திலே பாண்டவர் அரசைத் துறந்து வடக்கு நோக்கி நடக்கிறார்கள். ஒரு நாயும் அவர்களைப் பின்தொடர்கிறது. திரௌபதி வீழ்கிறாள், தம்பியர் ஒவ்வொருவராக வீழ்கிறார்கள். தருமரும் நாயுமே எஞ்சுகிறார்கள். இந்திரன் தேரோடு வந்து, "ஏறுக, ஆனால் நாய்க்கு இடமில்லை" என்கிறான். என்னை நம்பி வந்ததைக் கைவிட்டு எனக்குச் சுவர்க்கம் வேண்டாம் என்று தருமர் மறுக்கிறார். அப்போதுதான் அந்த நாய் தருமதேவதையாக உருமாறுகிறது.

இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் எல்லோரும் அதன் முடிவையே பெரிதாகச் சொல்லுகிறோம். "நாய் உருவில் வந்தது தருமதேவதை அல்லவா!" என்று வியக்கிறோம். ஆனால் மறுத்த வேளையிலே தருமருக்கு அது தெரியாது. அவர் கண்ட நாய், பின்னால் வந்த நாய், அவ்வளவே. அது தெய்வம் என்று தெரிந்திருந்தால் எவனும் விட்டுச் சென்றிருக்க மாட்டான். தெரியாதபோது விடாமல் நின்றதே அவர் பெருமை.

நிற்க. இப்போது என் கதைக்கு வருகிறேன். அது தருமரின் கதைக்கு நேர்மாறானது.

ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன், எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் வளவிலே ஒரு நாய் ஐந்து குட்டி போட்டது. இரண்டு கடுவன், அவற்றை அயலார் கேட்டு வாங்கிப் போனார்கள். மூன்று பெட்டை, அவற்றைக் கேட்பாரில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு சாக்கை என் கையில் கொடுத்து, "கொண்டுபோய் உப்பளத்துப் பக்கம் விட்டுவிட்டு வா" என்றார். நான் சைக்கிள் கட்டிக்கொண்டு போனேன், விட்டேன். திரும்பும்போது மூன்றில் ஒன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ளது, தள்ளாடித் தள்ளாடி என் பின்னால் ஓடி வந்தது. நான் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அதன்மேல் எறிந்தேன். அது நின்றுவிட்டது. நான் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன்.

முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஆத்திசூடியும் நல்வழியும் படிப்பித்தேன். இந்தச் செய்தியை ஒருவருக்கும் சொன்னதில்லை. இன்றுதான் சபையிலே சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டு வைகாசி மாதம், பழைய மாணவர் ஒருவரின் வீட்டுத் திருமணத்துக்காகப் பாலாவிச் சந்தியால் திரும்பிக் கற்பிட்டிப் பக்கம் போயிருந்தேன். சோளகக் காற்று தொடங்கிவிட்டது. நமது மேற்குக் கரையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஐப்பசி முதல் சித்திரை வரை கடல் அமைதியாக இருக்கும். கரையோரம் எங்கும் கிடுகு வாடிகள் எழும். கரைவலை இழுப்பும் கருவாடு காயப்போடுவதுமாக ஒரே ஆரவாரம். சோளகம் பிறந்து கடல் கொந்தளித்ததும் பலர் வலையையும் சட்டிபானையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். வாடிநாய்கள் மட்டும் நின்றுவிடும். ஆறு மாதமும் தலையும் குடலும் தின்று வளர்ந்தவை, திடீரென்று ஒரு நாள் காலையில் மனிதரில்லாத கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வாடிக்காரரைக் குறைகூற நான் இதைச் சொல்லவில்லை. லொறியிலே வலைக்கே இடம் போதாது. நமது ஊர்த் தெருக்களிலே திரியும் கழுதைகளைப் பாருங்கள். மூட்டை சுமக்கும்வரை அவற்றுக்கு எசமான் இருந்தான். லொறி வந்தபின் இல்லை. இது ஏழை செய்யும் பிழை என்றும் எண்ணிவிட வேண்டாம். 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி சோவியத் நாடு லைக்கா என்ற நாயை விண்வெளிக்கு அனுப்பியது. அது மொஸ்கோ நகரத் தெருக்களிலே திரிந்த ஒரு பெட்டை நாய். அதைத் திருப்பிக் கொண்டுவர ஏற்பாடே இருக்கவில்லை. அனுப்புவதற்கு முன் விஞ்ஞானி ஒருவர் அதைத் தமது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டார். பறந்து சில மணி நேரத்துக்குள் வெப்பம் தாங்காமல் அது இறந்தது என்பது 2002ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று. நம்பி வந்த உயிரை விட்டுவிடுவதில் பெரிய நாடு, சிறிய வாடி என்ற வேறுபாடில்லை.

அந்தக் கற்பிட்டிக் கரையிலே, பிரித்துப் போட்ட வாடியின் கிடுகுக்குக் கீழே ஒரு குட்டி கிடந்தது. இரண்டு மாதம் இருக்கும். தோல் முழுதும் சொறி. பெட்டை. நான் திரும்பி நடந்தேன். அது பின்னால் வந்தது. அன்பர்களே, எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பத்து வயதுப் பையன் எறிந்த அந்த மண்ணாங்கட்டி அன்றுதான் என் நெஞ்சிலே வந்து விழுந்தது. திருமண வீட்டில் ஒரு பெட்டி வாங்கி, அதை ஊருக்குக் கொண்டு வந்தேன்.

அம்மா அப்போது உயிரோடு இருந்தார், ஆசாரம் மிக்கவர். "ஒரு மாதம் வைத்துத் தேற்றி யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் அம்மா" என்றேன். "படிக்கு மேலே வரக்கூடாது" என்பது அவர் விதித்த சட்டம். வாடியில் கிடைத்தது என்பதால் பிள்ளைகள் "வாடி, வாடி" என்று கூப்பிட, அதுவும் தன்னைத்தான் வரச் சொல்கிறார்கள் என்று வாலையாட்டிக்கொண்டு வந்தது. அதுவே பெயராயிற்று.

கொடுப்பதற்கு ஆள் தேடினேன். "கடுவன் என்றால் தாருங்கள், மாஸ்டர்" என்பதே எங்கும் கிடைத்த மறுமொழி. ஐந்தாவது கிழமை, மதுரங்குளிக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டக்காரர் காவலுக்கு வேண்டும் என்று ஏற்றுக்கொண்டார். நல்ல மனிதர். கொடுத்துவிட்டு வந்தேன். கடமை முடிந்தது என்று எண்ணினேன். மூன்றாம் நாள் என் மனைவி, "ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். போனேன். தென்னையடியிலே இரண்டு முழச் சங்கிலியில் கட்டியிருந்தது. நிழல் நகர்ந்து போய்விட்டது. நாயால் நகர முடியவில்லை. தண்ணீர்ச் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. தோட்டக்காரர் கொடுமை செய்தாரில்லை. காவல்நாயை எப்படி வைப்பது வழக்கமோ அப்படி வைத்திருந்தார்.

என்னைக் கண்டதும் அது குரைக்கவில்லை, முறைக்கவில்லை. கொடுத்துவிட்டுப் போனவன் என்ற கோபம் ஒரு சிறிதும் இல்லாமல், சங்கிலி இழுக்குமட்டும் வாலை ஆட்டியது. நாலடியாரிலே, பல நாள் பழகியும் பாகனையே கொல்லும் யானையையும், எறிந்த வேல் உடலிலே நிற்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் நாயையும் ஒப்பிட்டு, நாய் போன்றவரின் நட்பையே கொள்க என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதை வகுப்பிலே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். பொருள் விளங்கியது அந்தத் தென்னையடியில்தான். தோட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, அதை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் மத்தியானம் காகத்துக்கு வைக்கும் சோற்றோடு இன்னொரு பிடி கூடியது.

ஆறாம் மாதத்தில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். சிலர் முகம் சுளித்தார்கள்: "இது பாவமில்லையா மாஸ்டர்?" அவர்களுக்கு நான் கணக்குத்தான் சொன்னேன். ஒரு பெட்டை அறுபத்துமூன்று நாள் வரையிலே சுமந்து ஈனும். ஆண்டுக்கு இரண்டு முறையும் ஈனலாம். ஒவ்வொரு ஈற்றிலும் சாக்கிலே போகும் குட்டிகள் எத்தனை? எது பாவம் என்று அவர்களே யோசிக்கட்டும்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டோம். இதை விளையாட்டாக எண்ணாதீர்கள். 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் அந்த நோயால் இறந்தவர்கள் 377 பேர். அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை ஐம்பதுக்கும் கீழே வந்துவிட்டது. முன்னாளில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வார்கள். 2006ஆம் ஆண்டிலிருந்து கொல்லாக் கொள்கை வந்தது. தடுப்பூசியும் கருத்தடையுமே வழி என்றாயிற்று. நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். மருந்து இருக்கிறது, ஆனால் நோய் வெளிப்பட்ட பின் மருந்து பயன்படாது.

2018ஆம் ஆண்டில் அம்மா படுக்கையிலானார். வாடி படிக்குக் கீழேயே கிடக்கும். ஒரு மாரி இரவு தூவானம் அடித்தது. அம்மா மெல்லிய குரலில், "அதையும் உள்ளே விடு; நனையுது" என்றார். அவர் விதித்த சட்டத்தை அவரே நீக்கினார். அம்மா காலமான அன்று அந்த நாய் ஒருவர் காலுக்கும் இடைஞ்சல் செய்யாமல் வளவு மூலையில் இருந்தது. எட்டு முடியுமட்டும் படி ஏறவில்லை.

அதற்கும் முறை வந்தது. 2024ஆம் ஆண்டு, அதற்குப் பதின்மூன்று வயது. தண்ணீர் மிகுதியாகக் குடித்தது, உடல் வற்றியது, பிறகு சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன என்றார் வைத்தியர். சேலைன் ஏற்றினோம். ஒரு கிழமை தேறியதுபோல் இருந்து மீண்டும் விழுந்தது. "இனி வேதனைதான் ஐயா. நீங்கள் சம்மதித்தால் மயக்க மருந்து கொடுத்து நோகாமல் அனுப்பிவிடலாம்" என்றார்.

அயலிலுள்ள பெரியவர் ஒருவர், "கொடுக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு உரிமை ஏது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதை எண்ணியே மூன்று நாள் தாமதித்தேன். மூன்றாம் இரவு அது முனகிக்கொண்டு என் காலடியில் கிடந்தபோது, இந்த மூன்று நாளும் தருமத்துக்காகத் தாமதித்தேனா, பிரிய முடியாத என் மனத்துக்காகத் தாமதித்தேனா என்று என்னையே கேட்டேன். விடை எனக்குத் தெரிந்தது. விடிந்ததும் வைத்தியருக்குச் சொல்லி அனுப்பினேன். என் மடியில் தலை வைத்திருந்தது. முதல் ஊசியில் உறங்கியது. இரண்டாவதில் மூச்சு நின்றது. நான் செய்தது சரியென்று சாதிக்க இங்கு வரவில்லை. பெரியவரின் கேள்வி இன்றும் என்னோடிருக்கிறது. கடைசி வேளையில் அதை விட்டு எழுந்து போகவில்லை என்பதை மட்டும் சொல்வேன். வளவிலே வேம்படியில் அடக்கம் செய்தோம். இரண்டு மாதம் வரை படியைத் தாண்டும்போதெல்லாம் என் கால் தானாக உயரும், கீழே படுத்திருக்கிறது என்ற நினைவில்.

வாலிப அன்பர்களே! அழ வைப்பதற்காக இவ்வளவும் சொல்லவில்லை. உங்களிடம் மூன்று வேண்டுகோள் உண்டு. முதலாவது, உங்கள் வளவில் பிறக்கும் பெட்டைக் குட்டியைச் சாக்கில் கட்டாதீர்கள், கருத்தடை செய்வியுங்கள், வசதியில்லாத வீட்டுக்குச் சங்கம் துணை நிற்கட்டும். இரண்டாவது, சோளகம் பிறக்குமுன் நாலைந்து பேர் சைக்கிளில் கரையோரம் போய், வாடிக்காரரோடு பேசி, நிற்கப்போகும் நாய்களைக் கணக்கெடுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம்; உதவியாகக் கேளுங்கள். மூன்றாவது, ஒவ்வொருவரும் ஒரு குட்டியை ஒரு மாதம் மட்டும் வைத்துத் தேற்றிக் கொடுங்கள். கொடுத்த பின் மூன்றாம் நாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த மூன்றாம் நாளை மறவாதீர்கள்.

பெரியோர்களே! பிள்ளைகள் குட்டியோடு படியில் வந்து நின்றால் ஏசி விரட்டாதீர்கள். சாக்கை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். நாம் பத்து வயதில் கொடுப்பதை அவர்கள் எழுபது வயதுவரை சுமப்பார்கள்.

சென்ற மாதம் எங்கள் வாசலுக்கு இன்னொரு குட்டி வந்திருக்கிறது. பெட்டைதான். ஒரு மாதம் மட்டும் வைத்திருந்து கொடுத்துவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்கிறார். சபையில் யாருக்காவது வேண்டுமானால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். மூன்றாம் நாள் நான் உங்கள் வீட்டுக்கு வருவேன் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள்.