எழுத்துப் பலகையைக் கொடுங்கள்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சகரியா பேச்சிழந்திருந்த நாட்களில், பிள்ளைக்குப் பெயரிட உறவின்முறையார் கூடினார்கள். தகப்பனுடைய மனதை அறிய அவருக்குச் சைகை காட்டினார்கள். அவர் எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கி, பெயரைத் தாமே எழுதினார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வார்டில் நாங்கள் இதற்கு மாறாக நடந்துகொண்டோம். காது கேளாத சகோதரி ஒருவர் அறுவை சிகிச்சைக்கு வந்திருந்தார். எங்கள் கேள்விகளுக்கெல்லாம் அவருடைய அண்ணனே பதில் சொன்னார். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அண்ணன் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்திட்டார். தம் கர்ப்பப்பை எடுக்கப்பட்டதை நான்காம் நாள்தான் அறிந்தார். அவர் எட்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். ஒரு தாளும் பென்சிலும் போதுமாயிருந்தது. அதை நாங்கள் நீட்டவில்லை. அவர் அழுதபோது எங்களால் அவருக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

அவருக்கு இரக்கம் காட்டத் தவறினோம் என்றே முதலில் நினைத்தோம். அவருடைய உரிமையையே பறித்தோம் என்பது பிறகுதான் விளங்கியது.

ஐக்கிய நாடுகள் சபை 2006-ல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையை இந்தியா 2007-ல் உறுதி செய்தது. அதன் வழியே வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. சைகை மொழி, பிரெயில், பெரிய எழுத்து, எளிய நடை, தொட்டு உணர்த்துதல் ஆகிய யாவையும் தகவல் தொடர்பு என்றே அச்சட்டம் சொல்லுகிறது. பார்வையும் செவியும் இல்லாத ஒருவருடைய உள்ளங்கையில் நாம் எழுதும் எழுத்தும் இதில் அடங்கும். தடையற்ற அணுகல் அரசு மருத்துவமனைக்கு மட்டுமல்ல, எங்களைப் போன்ற தனியார் மருத்துவமனைக்கும் உரியது. நீதிமன்றத்தில் தமக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் சாட்சி சொல்லவும் வழி செய்யப்பட்டுள்ளது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், இணையவழிச் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது.

ஆனால் சட்டம் தானாக நடந்து வார்டுக்குள் வராது. இப்போது எங்கள் படிவம் தமிழில், பெரிய எழுத்தில் இருக்கிறது. கட்டிலருகே தாளும் பென்சிலும் வைக்கிறோம். சைகை மொழி அறிந்தவர் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. அந்தக் குறை இன்னும் உண்டு.

உங்கள் சபையில் இப்படிப்பட்டவர் இருந்தால், மருத்துவமனைக்கு அவருடன் போங்கள். அவருக்காகப் பேசிவிடாதீர்கள், அவரிடமே கேட்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுத்தால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

 நாங்கள் அந்தச் சகோதரிக்குக் கொடுக்கத் தவறியது தர்மம் அல்ல. அது அவருக்குரிய கடன்.