மாதிரி தந்தவருக்கே முதல் பதில்



நுண்ணுயிரியலும் உயிர்வேதியியலும் படித்து முடித்து இன்று பட்டம் பெறும் மாணவிகளே, உங்களிடம் ஒரே ஒரு செய்தியைச் சொல்ல வந்திருக்கிறேன். முடிவு பதிவேட்டில் ஏறியதும் பரிசோதனை முடிந்துவிடுவதில்லை. மாதிரி தந்தவருக்கு அது புரிந்து, அவருக்குப் பயன்பட்ட பிறகுதான் முடிகிறது.

நாம் கூடியிருக்கும் இந்த ராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சென்னை மருத்துவக் கல்லூரி. 1980களின் நடுவில் அங்கே நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் மேலை நாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று பலர் நம்பிய காலம் அது. நம்பிக்கை போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர். அந்த வேலையைத் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஒப்படைத்தார்.

நிர்மலா அப்போது 32 வயதுப் பெண். வீட்டில் சிறு குழந்தைகள். முதலில் தயங்கினார், கணவர் துணை நின்றார். அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்துக் காத்தார். சென்னையில் எலைசா பரிசோதனைக்கு வசதி இல்லாததால், 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியுடன் இரவு ரயிலேறி வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஆறு மாதிரிகள், தொற்று உண்டு என்பதன் அடையாளமாக, மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதையே உறுதி செய்தது. இந்தியாவில் எச்ஐவி இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

இந்த அளவோடு நிறுத்தினால் அது சாதனைக் கதை. நிறுத்தக் கூடாது. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில், தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்திலேயே அடைத்துவைக்கப்பட்டார்கள். 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்களால் வெளியே வர முடிந்தது. பரிசோதனையில் பிழை இல்லை. ஆனால் அதன் முடிவு, ரத்தம் கொடுத்தவர்களுக்கே பூட்டாக மாறியது. நுண்ணோக்கியின் முன் அமரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுனிதி சாலமன் அந்தப் பூட்டைத் திறக்கவே தம் மீதி வாழ்நாளைச் செலவிட்டார். தாமாக முன்வந்து சோதித்துக்கொள்ளவும் ஆலோசனை பெறவும் மையம் தொடங்கினார். 1993இல் தம் தந்தையின் பெயரில் ஒய்ஆர்ஜி கேர் அமைப்பை நிறுவினார். மருத்துவர்களே தொடத் தயங்கிய நோயாளிகளைப் பக்கத்தில் அமர்த்திப் பேசினார். எச்ஐவியோடு வாழ்பவர்களுக்குள் வரன் பார்த்துத் திருமணமும் செய்துவைத்தார். 2015இல் மறைந்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வந்தது. ஆய்வகத்துக்கு வெளியே அவர் செய்ததெல்லாம் ஆய்வகத்தில் தொடங்கிய வேலையின் மறுபாதி என்றே நான் கருதுகிறேன்.

அந்த மறுபாதி உங்கள் வடசென்னையில் இன்னும் காத்துக் கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தில் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி வேர்களிலும் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, எண்ணூரின் பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். ஆலை வாசலில் ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. 24 மணி நேரத்துக்கான வரம்பு 400.

அந்த 2,090 என்ன சொல்கிறது? குழந்தையின் கண்ணெரிச்சலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இதைக் குப்பத்தில் யார் விளக்குவார்? கழிமுகச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்ணுக்கு, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். அளக்கவும் தெரிந்து, அந்தப் பெண்ணிடம் "அக்கா" என்று கூப்பிட்டுப் பேசவும் தெரிந்தவர்கள் நீங்கள். எங்கோ இருந்து வரும் நிபுணருக்கு இரண்டாவது வாய்க்காது.

ஆகவே நான்கு வேண்டுகோள்கள். மாதிரி எடுக்கும் முன் எதற்கு என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். முடிவு வந்ததும் அவர்கள் பேசும் தமிழில் அவர்களிடமே முதலில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். பிறகு அடுத்து எங்கே போக வேண்டும், மருத்துவமனைக்கா, வாரியத்துக்கா, நீதிமன்றத்துக்கா என்று வழி காட்டுங்கள். இதற்குப் பெரிய ஆய்வகமோ வெளிநாட்டு நிதியோ வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பெற்றோர்களே, நிர்மலாவுக்கு வீட்டின் துணை இருந்தது. உங்கள் மகளுக்குத் திருமணமான பிறகும், குழந்தை பிறந்த பிறகும், அவள் கற்ற வேலையை விட்டுவிடாமல் இருக்க அந்தத் துணையை நீங்களும் கொடுங்கள்.

மாணவிகளே, பட்டம் உங்கள் உழைப்புக்குக் கிடைத்தது. அறிவு இந்த மண்ணின் மக்களுக்கும் உரியது. அதை அவர்களிடம் கொண்டுசேர்க்கும் துணிவும் பொறுமையும் உங்களுக்கு வாய்க்கட்டும். வாழ்க, வளர்க!