கிணற்று மேட்டுக் கூடுகள்



நம் வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் படங்கள்தான். ஒருவர் தோட்டத்துப் பூசணிப்பூவைப் போடுவார், இன்னொருவர் பேருந்து சன்னலில் எடுத்த நாற்றங்காலை. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, விடவும் மனமில்லை.

போன மழைக்காலத்தில், பள்ளிக்குப் போகும் வழியில், கிணற்றின் மேல் சாய்ந்த ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் படமெடுத்தேன். பாதி பின்னிய கூட்டில் ஆண் குருவி தொங்கிக்கொண்டிருந்தது. (பின்னுவது ஆண்தான். பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியை முடிக்கும்.) ஊர்ப் பெயர், கிணறு, போகும் வழி எல்லாம் எழுதி அனுப்பினேன். அது எத்தனை குழுக்களுக்குப் போனதோ! அடுத்த வாரம் ஐந்து கூடுகளைக் காணோம். அழகுக்காக யாரோ அறுத்துப் போயிருந்தார்கள். கிணற்று மேட்டில் முட்டை ஓடு கிடந்தது. "நீங்க படம் போட்டதாலயா டீச்சர்?" என்றாள் ஆறாம் வகுப்பு மாணவி.

இப்போதும் படத்தோடு தேதி, மரம், பறவை பெயர் எழுதுகிறேன், வகுப்பில் உதவுகிறது. கூட்டின் இடத்தை மட்டும் எழுதுவதில்லை. ஐநேச்சுரலிஸ்ட் தளமே அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் இடத்தைத் துல்லியமாகக் காட்டாது.

இன்னொன்று. கேமராவுக்கு இருப்பிட அனுமதி தந்திருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கூடவே போகும். வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் குழந்தையின் படத்துக்கும் இதே கணக்குத்தான்.

இந்த ஆண்டு மூன்று கூடுகள். படமெடுத்து அந்த மாணவியிடம் காட்டினேன். அவள் சரி என்ற பிறகே குழுவில் போட்டேன்.